விற்பனைக்கு வந்த வீடும் வாசலில் நிற்கும் நாயும்

பெரிய நாய் வளரும் வீட்டை விற்பதில் மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒரு பொறுப்பு சேர்ந்துகொள்கிறது. நாய் தன் எல்லையாகக் காத்துவந்த கேட்டுக்குள் முன்பின் தெரியாதவர்கள் வாரக்கணக்கில் வந்துபோவார்கள். கடைசியில் அந்த எல்லையே வேறொருவர் பெயருக்கு மாறிவிடும். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா என்று விற்பவர் அலைகிற நாட்களில் நாயைப் பற்றிய யோசனை கடைசிக்குத் தள்ளப்படுகிறது. கடிபட்ட மனிதரும் தெருவில் விடப்பட்ட நாயும் பெரும்பாலும் இந்தத் தள்ளிப்போடலின் விளைவுகளே.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், பாலாற்றின் வடகரையில் உள்ள ஓரிக்கை போன்ற ஊர்களில் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காணலாம். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரத்தின் எல்லைக்குள் இருந்தாலும் கிராமத்தின் நடைமுறைகள் இன்னும் மாறாத பகுதி இது. ஒருபுறம் தறிக்குழியோடு கூடிய பழைய வீடுகள்; மறுபுறம் மனைப்பிரிவுகளில் எழுந்த மதில்சுவர் வீடுகள். மனைப்பிரிவில் முதலில் வீடு கட்டிக் குடிவருபவரைச் சுற்றி காலி மனைகள்தான் இருக்கும். காவலுக்கென்று ஓர் அல்சேஷனோ ராஜபாளையமோ ராட்வைலரோ வந்து சேர்கிறது. பத்து ஆண்டுகளில் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ நிலைத்துவிட, பெற்றோர் வீட்டை விற்க முடிவுசெய்யும்போது நாய்க்கும் வயதாகியிருக்கும்.

ராஜபாளையம் நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய அஞ்சல் துறை 2005இல் நாட்டு நாயினங்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இந்த இனத்துக்கு உரியது. சைதாப்பேட்டையில் நாட்டு நாயினப் பெருக்கத்துக்கென்றே முன்பு ஓர் அரசுப் பிரிவு இருந்தது. வீட்டாரிடம், சில சமயம் வீட்டில் ஒருவரிடம் மட்டும், அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும் இயல்பும் அந்நியரை எளிதில் அண்டவிடாத குணமும் இந்த இனத்தின் பெருமையாகப் பேசப்படுகின்றன. வீடு விற்பனைக்கு வந்ததும் இதே குணங்கள்தான் தடையாகின்றன. நாய் மாறவில்லை, பத்தாண்டுகளாகப் பாராட்டப்பட்ட வேலையையே அது செய்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் அதை அடிப்பதும் அதட்டுவதும் அநியாயம்.

இந்தப் பகுதியில் வீடு பார்க்க வருவது ஒருவர் இருவரோடு நிற்பதில்லை. முதலில் தரகர் வருவார். அடுத்து வாங்குபவர், மனைவி, பெற்றோர், குழந்தைகள் என்று ஒரு கார் நிறைய வருவார்கள். நல்ல நாள் பார்த்து, ராகு காலம் கழித்து, வாஸ்து பார்ப்பவரை அழைத்துக்கொண்டு இன்னொரு முறை வருவார்கள். விலை படிந்தபின் வங்கியின் மதிப்பீட்டாளர் வருவார். தேவைப்பட்டால் நில அளவர் சங்கிலியோடு மதிலோரம் நடப்பார். கட்டடத்தின் மதிப்பைச் சரிபார்க்கப் பதிவுத்துறையின் களப்பணிக்கும் ஆள் வரக்கூடும். வாங்குபவர் திருப்திப்படுத்தப்பட வேண்டியவர் என்பதால் அவர் வரும்போது நாயைப் பற்றி எல்லோரும் கவனமாக இருப்பார்கள். மதிலோரம் பின்கட்டுவரை போகிற அளவர் வரும் நாளில் அந்தக் கவனம் இருப்பதில்லை. ஆபத்து அதிகம் அன்றைக்குத்தான்.

ஆள் வந்தால் நாயைப் பின்கட்டில் சங்கிலியால் கட்டிவிடுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். வீடு விற்கும் காலத்துக்கு இது பொருந்தாத ஏற்பாடு. கட்டப்பட்ட நாயால் ஒதுங்கிப்போக முடியாது. அதற்கு எஞ்சியிருப்பது எதிர்ப்பு மட்டும். அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வு, கடித்த நாய்களிடையே முற்றத்தில் சங்கிலியில் வளர்ந்தவை கூடுதலாக இருந்ததைக் காட்டியது. சங்கிலி அறும், கொக்கி நழுவும் என்பது வேறு. குரைத்துக்கொண்டே இழுபடும் நாயைத் தாண்டிக் கிணற்றடியையும் துணி துவைக்கும் கல்லையும் நிதானமாகப் பார்க்க எந்தக் குடும்பத்துக்கும் மனம் வராது. பின்கட்டைப் பார்க்காமலே திரும்பியவர்கள் குறைந்த விலை சொல்வதில் வியப்பில்லை.

வாங்க வருபவரின் அச்சத்தை மிகையென்று ஒதுக்கவும் முடியாது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தி தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களுக்குத் தடைவிதிக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்துசெய்தது என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பட்டியல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. ‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது’ என்று வாசலில் நின்று சொல்லும் உறுதிமொழியை இன்று யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

சட்டமும் அந்த உறுதிமொழியை ஏற்பதில்லை. தன் விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறும் உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகை தொங்குவதால் பொறுப்பு நீங்கிவிடாது. வாங்க வருபவர் மிரள்வார் என்று தரகர் அந்தப் பலகையைக் கழற்றச் சொல்வதும் உண்டு. நாய் வீட்டில் இருக்கும்வரை பலகை இருக்கத்தான் வேண்டும்.

சரியான ஏற்பாடு எளிமையானது: ஆள் வரும் நேரத்தில் நாய் வீட்டில் இருக்கக் கூடாது. அதற்கு முதல் தேவை, முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லாமல் யாரையும் அழைத்துவரக் கூடாது என்று தரகரிடம் தொடக்கத்திலேயே கண்டிப்பாகப் பேசிக்கொள்வது. ‘இந்தப் பக்கமாக வந்தோம், ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறோம்’ என்று வருபவர்களை அழைத்துவருவது இங்கே தரகர்களின் வழக்கம். அதை மறுப்பதால் ஒரு விற்பனை தட்டிப்போகலாம் என்று விற்பவர் தயங்குகிறார். உண்மையாகவே வாங்க நினைப்பவர் மறுநாளும் வருவார். நேரம் தெரிந்தால் வீட்டில் ஒருவர் நாயைப் பாலாற்று மணலுக்கு நடத்திக் கூட்டிப்போகலாம். நாய்க்குப் பழகிய உறவினர் வீட்டிலோ தோப்பிலோ இரண்டு மணி நேரம் விட்டுவைக்கலாம். சென்னைப் புறநகரில் நாய்களைக் கட்டணத்துக்குத் தங்கவைக்கும் இடங்கள் பல உள்ளன. ஆனால் வயதான நாய்க்கு ஏற்கெனவே குழப்பமான காலத்தில் புது இடமும் புது ஆட்களும் ஒரேயடியாக வருவது நல்லதல்ல; பழகிய வீடே மேல்.

காரில் விட்டுவைப்பது மட்டும் கூடவே கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறும். சித்திரை, வைகாசியில் அது நாயின் உயிருக்கே உலை. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் இதே அளவு தவறு. கால்நடை மருத்துவர் பார்க்காமல் கொடுக்கும் மாத்திரையால் சில நாய்கள் மயங்குவதற்குப் பதில் மிரட்சி கூடி நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு கடி நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியது தெரிந்திருக்க வேண்டும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்ற கணக்கில் போடப்படும். ஆழமான காயமென்றால் கூடுதல் மருந்தும் உண்டு. நாயை 10 நாள் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் போட்ட ஊசிகள் பதிவான புத்தகம் வீட்டுப் பத்திரங்களோடு கையெட்டும் இடத்தில் இருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது வீடு. நாயோடு வாழ்பவரின் மூக்குக்கு நாய் வாடை தெரியாது; வெளியாள் படியேறும்போதே முகம் சுளிப்பார். வீட்டுக்கு வராத நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு எங்கே வாடை இருக்கிறதென்று கேட்பதே நம்பகமான சோதனை. சிறுநீர் ஊறிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவது பரவலான பழக்கம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு அது வினைபுரிந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயுவை உண்டாக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். நொதி கலந்த கழுவுநீர் இப்போது கடைகளில் கிடைக்கிறது. கறையை அது சிதைத்துவிடும். கதவின் கீழ்ப்பகுதியில் நகக்கீறல், மதிலடியில் தோண்டிய குழி, அரித்த கேட் ஆகியவற்றைச் செப்பனிடும் செலவு அதிகமில்லை. தறி ஓடும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். பாவில் ஒட்டிய நாய் முடியும் தறிக்குழியில் தங்கிய வாடையும் அந்த வீட்டைத் தொழிலுக்காக வாங்க வரும் நெசவாளர் கண்ணில் முதலில் படும்.

செப்பனிடுவது வேறு, மறைப்பது வேறு. தன் சொத்தில் உள்ள, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுகொள்ள முடியாத பெரிய குறையை விற்பவர் தெரிவித்தாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்துமாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்கிறது. நாய் தோண்டித் தோண்டி மதிலின் அடித்தளம் வெளித்தெரிந்து, அங்கே மண்ணைத் தள்ளி மேலே சிமெண்ட் பூசினால் அது செப்பனிடுதல் ஆகாது.

முன்பணம் கைமாறி ஒப்பந்தம் பதிவான பிறகு வரும் வாரங்கள்தான் நாயைப் பொறுத்தவரை முக்கியமானவை. வீட்டை ஒப்படைக்கும் தேதி எழுத்தில் வந்துவிடும். அந்தத் தேதிக்கு முன்பே நாய் எங்கே, யாரிடம் போகிறது என்பது முடிவாகியிருக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. ‘காவலுக்கு நாயும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று வாங்குபவரிடம் சொல்லப்படுகிறது. அவரும் பேச்சுக்குத் தலையாட்டுகிறார். புதிதாகக் குடிவந்தவரை நாய் அந்நியராகப் பார்க்கிறது, அவர் அதைக் கண்டு அஞ்சுகிறார், ஒரு மாதத்துக்குள் அது தெருவில் நிற்கிறது. வேளாவேளைக்கு ஒரே கையால் சோறு கண்ட நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. அந்தத் தெருவின் நாய்கள் அதை விடவும் மாட்டா.

பசியிலும் தாகத்திலும் வாட நேரும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. பல பத்தாண்டுகளாக மாறாத இந்தத் தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குக்கூட ஈடாகாது. பல லட்சம் ரூபாய் கைமாறும் பேரத்தில் ஒரு நாயின் எஞ்சிய காலத்துக்கு ஏற்பாடு செய்யச் செலவாகும் தொகை பெரிதல்ல. அதைக் கொடுக்க மனம் வராததற்குச் சட்டத்தின் இந்த மெத்தனமும் ஒரு காரணம். அபராதம் உயர்த்தப்பட வேண்டும்.

நாயை வேறொருவருக்குக் கொடுப்பதென்றால், வீடு கைமாறுவதற்கு வாரங்கள் முன்பே புதியவர் தினமும் வந்து சோறு வைத்துப் பழக வேண்டும். உடன் கூட்டிப்போவதென்றால் போகும் இடத்தைப் பொறுத்து ஏற்பாடுகள் மாறும். தொலைவு அதிகமென்றால் ரயிலில், முழுவதுமாக முன்பதிவு செய்த முதல் வகுப்பு ஏசி அறையில் உரிமையாளரோடு பெரிய நாயும் போகலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான் இடம். சென்னை அடுக்ககத்துக்குப் போகிறவர்கள், பெரிய நாய் என்பதற்காகவோ குரைக்கிறது என்பதற்காகவோ குடியிருப்போர் சங்கம் தடைபோட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டியிருப்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முன்பே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு. மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் எடுப்பதற்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

புது வீடு செவிலிமேட்டிலோ பாலாற்றுக்கு அக்கரையிலோ சில கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வேறொரு சிக்கல் உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் வழி கண்டுபிடித்துப் பழைய கேட்டுக்கே திரும்பிவிடும். அங்கே இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தன் வீட்டுக்குள் அந்நியர் புகுந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். முதல் சில வாரங்கள் புது இடத்தில் கயிறில்லாமல் வெளியே விடக் கூடாது. தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப்பும் கழுத்துப்பட்டையில் தற்போதைய தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும்போது அந்தத் தொலைபேசி எண்ணை வீடு வாங்கியவரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கொடுத்து, நாய் வந்தால் விரட்டவோ நெருங்கவோ வேண்டாம், கேட்டை மூடிவைத்துவிட்டு அழையுங்கள் என்று சொல்லிவைக்க வேண்டும்.