‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்கிறது’ என்று எழுதலாமா?



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், நம்மிடம் முன்னர் ஓதிய மாணவி ஒருவர் தம் வாப்பாவுடன் மதரஸாவுக்கு வந்திருந்தார். உயிர்வேதியியலில் பட்டம் பெற்றவர். வீட்டிலிருந்தபடியே இரவுப் பணியாக மெடிக்கல் கோடிங் செய்கிறார். அமெரிக்க மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை இடுவது இவ்வேலை. அக்குறியீட்டைக் கொண்டே அங்குள்ள காப்பீட்டு நிறுவனம் பணம் வழங்கும். சென்னை, திருச்சி, கோவை என நம் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் இருக்கின்றனர்.

அவர் கேட்டது இதுதான்: “ஹஸ்ரத், மருத்துவர் ‘சார்கொய்டோசிஸாக இருக்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறார். ‘இருக்கிறது’ என்று குறியீடு போட்டு ஃபைலை முடிக்கச் சொல்கிறார்கள். இது பொய்யெழுத்தாகுமா?”

நோயாளியின் பெயரை அவர் கூறவில்லை, கூறவும் கூடாது. ஆயினும் பதில் சொல்லுமுன் அத்தொழிலைச் சற்று விளங்கிக்கொள்வது நமக்குக் கடமையாயிற்று. மாணவியே ஆசிரியராகிப் பாடம் நடத்தினார்.

சார்கொய்டோசிஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி நெறி தவறி, உறுப்புகளில் கிரானுலோமா எனப்படும் சிறு சிறு திரளைகளை உண்டாக்கும் நோய். பெரும்பாலும் நுரையீரலையும், மார்பினுள் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் பற்றும். தொற்றுநோயன்று. பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். சிலருக்கு நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். அமெரிக்காவில் 2015 அக்டோபர் வரை இந்நோய் முழுமைக்கும் 135 என்ற ஒரே எண்தான் இருந்தது. அதன்பின் வந்த ஐசிடி-10 முறையில் இடம் பிரித்து எழுத வேண்டும். நுரையீரலில் மட்டும் என்றால் டி86.0. நிணநீர்க் கணுக்களில் மட்டும் என்றால் டி86.1. இரண்டிலும் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்து இடலாகாது, அதற்கென்றே டி86.2 உண்டு. எந்த இடம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் டி86.9. நுரையீரல் நோய்களின் அத்தியாயத்தில் தேடினால் இது கிடைக்காது; இரத்தமும் எதிர்ப்பாற்றலும் பற்றிய அத்தியாயத்தில் வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த ஃபைலுக்கு வருவோம். நோயாளிக்கு இருமல். சி.டி. ஸ்கேனில் மார்புக் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. பயாப்ஸி இன்னும் எடுக்கப்படவில்லை. மருத்துவரின் எழுத்தில் ‘இருக்கலாம்’ என்ற சொல் நிற்கிறது. மேலாளரோ டி86.2 போடச் சொல்கிறார்.

அமெரிக்க விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. வெளிநோயாளிக் குறிப்பில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதப்பட்ட நோய்க்குக் குறியீடு இடக்கூடாது. இருமல், கணு வீக்கம் என அறிந்த அளவையே இட வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறுபவரின் இறுதிக் குறிப்பில் அதே சொல் இருந்தால் மட்டும், நோய் இருப்பதாகக் கொண்டு குறியீடு இட அவ்விதி அனுமதிக்கிறது. ஐயம் இருந்தால் மருத்துவரிடமே எழுதிக் கேட்கலாம். அக்கேள்வியும் ஒரு விடையை அவர் வாயில் திணிப்பதாக இருக்கக் கூடாது. சாட்சியிடம் விசாரிக்கும் ஒழுங்கு இதுதானே என்று நமக்குத் தோன்றியது.

எனவே நாம் சொன்னோம்: “மகளே, நீ எழுதுவது சாட்சியம். மருத்துவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுத உனக்கு உரிமையில்லை. பயாப்ஸிக்குப் பின் அது சார்கொய்டோசிஸ்தான் என்று தெரியவந்தாலும், இன்று நீ எழுதியது அறியாமல் எழுதியதே.”

‘வெறும் எண்தானே’ என்று சிலர் கூறுவர். அந்த எண் நோயாளியின் பதிவேட்டில் தங்கிவிடுகிறது. நாளை வேறொரு மருத்துவர் அதைப் பார்த்து ஸ்டீராய்டு தொடங்கலாம். உண்மையில் அது காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருந்துவிட்டால்?

இது அமெரிக்கர்களின் கவலை மட்டுமன்று. காசநோய் மலிந்த நம் நாட்டில் இவ்விரு நோய்களும் ஒன்றையொன்று போலத் தோற்றமளிக்கின்றன. இரண்டிலும் கணு வீங்கும், இருமல் வரும், கிரானுலோமா தோன்றும். காசநோயின் கிரானுலோமா பெரும்பாலும் நடுவில் பாலாடைக்கட்டி போலச் சிதைந்திருக்கும். சார்கொய்டோசிஸில் பொதுவாக அச்சிதைவு இராது. நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை உண்டும் குணம் காணவில்லை. வெளியூர் மருத்துவர் முதலில் கேட்டது, “பழைய பயாப்ஸி அறிக்கை எங்கே?” என்பதுதான். துணிக்கடைப் பையில் மருந்துக்கடை ரசீதுகள் இருந்தன, அறிக்கை இல்லை. முதலில் பார்த்த இடத்தின் சீட்டில் ‘கணு வீக்கம், மருந்து தொடர்க’ என்ற இரண்டு வரிகளே இருந்தன. அவருக்கு மறுபடியும் ஊசி செலுத்திச் சதை எடுக்க வேண்டியதாயிற்று. திருமண அழைப்பிதழ்களைப் பத்திரப்படுத்தும் நம் வீடுகளில் ஸ்கேன் படங்களுக்கும் பயாப்ஸி அறிக்கைக்கும் ஓர் உறை ஒதுக்கினால் என்ன?

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமானது, கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியுடன் எழுதட்டும் என்று பணிக்கும் அதே வசனம், எழுதுபவருக்குத் துன்பம் இழைக்கப்படக் கூடாது என்றும் பணிக்கிறது. இரண்டாவது பகுதியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஓர் இரவுக்கு இத்தனை ஃபைல் என்று இலக்கு வைத்து, கேள்வி கேட்டு நிறுத்தி வைத்த ஃபைலைக் கணக்கில் சேர்க்காத நிறுவனம், அந்தப் பெண்ணை எதை நோக்கித் தள்ளுகிறது? பிழையின் பாதிப் பங்கு அங்கே இருக்கிறது என்பதே நம் கருத்து. நிறுவனம் நடத்தும் நம் சகோதரர்கள் இதைப் படித்தால், நிறுத்தி வைத்த ஃபைலையும் செய்த வேலையாகவே எண்ணட்டும். தெளிவின்றி எழுதும் மருத்துவர்களும் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது.

மாணவியின் வாப்பா அதுவரை வாய் திறக்கவில்லை. எழும்போது, “வேலை போய்விட்டால் ஹஸ்ரத்?” என்றார். வீட்டுக் கடனுக்கு அவர் மகளின் சம்பளத்தையே நம்பியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். துஆச் செய்வதாகச் சொன்னோம். வேறிடத்தில் விசாரிப்பதாகவும் சொன்னோம். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்றிரவு அவர் இருமலுக்கும் கணு வீக்கத்துக்கும் மட்டும் குறியீடு இட்டு, மருத்துவருக்குக் கேள்வியை அனுப்பிவிட்டார். அவ்விரவின் இலக்கில் ஒன்று குறைந்தது என்று செய்தி அனுப்பியிருந்தார். மருத்துவரின் பதில் இன்னும் வரவில்லை.