திரைச் சிந்தனை: மீண்டு வந்த மூவர்

போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டு, பீலி சூட்டி வணங்கிய மரபு நம்முடையது. வென்று வந்த வேந்தனுக்கு வாகை சூட்டிப் பாடிய புலவர்களும் நம்மிடையே பலர். ஆனால் மாளாமலும் மாலை பெறாமலும் வீடு திரும்பிய எளிய வீரன், மறுநாட் காலையில் என்ன செய்தான்? எந்தத் திண்ணையில் அமர்ந்தான்? யாரிடம் வேலை கேட்டான்? அந்த மறுநாட் காலையைப் பற்றிய படம் ஒன்றையே இத்திங்கள் அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம்.

1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. நம் வாழ்வின் மிக நல்ல ஆண்டுகள் என்பது பொருள். சாமுவேல் கோல்ட்வின் தயாரித்தார். வில்லியம் வைலர் இயக்கினார். வைலர் தாமே போர்க்காலத்தில் விமானப் படையில் பணியாற்றி, ஒரு காதின் கேட்கும் திறனை இழந்து திரும்பியவர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படத்தில் போர்க்களக் காட்சி ஒன்றேனும் இல்லை. இருந்தும் தொடக்கம் முதல் முடிவு வரை போர் நம் கண்ணைவிட்டு அகல்வதில்லை.

மூவர் ஒரே விமானத்தில் தம் சொந்த ஊருக்குத் திரும்புகின்றனர். ஆல் என்பவர் வங்கி அதிகாரி. படையில் சார்ஜெண்டாக இருந்தவர். பிரெட் என்பவன் குண்டுவீச்சு விமானத்தில் பணிபுரிந்து கேப்டன் பதவி பெற்றவன். ஹோமர் என்னும் இளைஞன் கடற்படையில் இரு கைகளையும் இழந்து, இரும்புக் கொக்கிகளைக் கைகளாகக் கொண்டவன். ஊரை நெருங்க நெருங்க மூவர் நெஞ்சிலும் ஓர் அச்சம் எழுகிறது. பகைவன் முன் நில்லாத அச்சம், தத்தம் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறது.

ஹோமர் வீட்டு வாசலில் இறங்குகிறான். உற்றார் ஓடிவந்து தழுவுகின்றனர். வாடகைக் காரில் செல்லும் நண்பர்களை நோக்கி அவன் கொக்கியை உயர்த்தி விடை கொடுக்கிறான். அதைக் கண்ட தாய் தன்னையறியாமல் விம்மிவிடுகிறாள். அன்பில்லாதவர் அவ்வீட்டில் எவருமில்லை. எனினும் அவர்களுடைய அன்பே அவனுக்குச் சுமையாகிவிடுகிறது. அவன் கைகளைப் பார்ப்பதா, பாராதது போல் இருப்பதா என்று அவர்கள் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றத்தை அவன் காண்கிறான்.

பிரெட்டின் துன்பம் வேறு. போருக்கு முன் அவன் மருந்துக் கடை ஒன்றில் சோடாவும் ஐஸ்கிரீமும் வழங்கும் ஊழியன். பதக்கங்களுடன் திரும்பியவனுக்கு ஊரில் கிடைப்பது மீண்டும் அதே கடையில், வாரம் 32.50 டாலர் ஊதியத்தில் ஒரு வேலை. இரவில் அவன் கனவு கண்டு அலறுகிறான். தன் வீரத்துக்குக் கிடைத்த சான்றிதழை வெற்றுச் சொற்கள் என்று ஒதுக்கிவிட்டு ஊரைவிட்டே புறப்படுகிறான். அவன் போன பின், வறுமையில் வாழும் அவனுடைய தந்தை அச்சான்றிதழை எடுத்து உரக்கப் படிக்கிறார்; குரல் தழுதழுக்கிறது. மகன் யாரென்று அப்பொழுதுதான் அவருக்கு முழுதும் விளங்குகிறது. ஆனால் அதைக் கேட்க மகன் அங்கே இல்லை.

பழைய போர் விமானங்கள் உடைப்பதற்காகக் குவிந்து கிடக்கும் வெளியொன்றில் பிரெட் நுழைகிறான். எந்திரம் கழற்றப்பட்ட விமானமொன்றில் ஏறித் தன் பழைய இடத்தில் அமர்கிறான். பயன் தீர்ந்ததும் எறியப்பட்டது விமானம் மட்டும்தானா என்னும் வினா, ஒரு சொல்லும் பேசாமலே நம்மைத் தைக்கிறது. அங்கேயே அவனுக்கு வேலையும் கிடைக்கிறது. அவ்விமானங்களை உடைத்து அவற்றைக் கொண்டு வீடு கட்டும் பணி அது.

வங்கிக்குத் திரும்பிய ஆல், ஈடு வைக்க ஏதுமில்லாத முன்னாள் வீரன் ஒருவனுக்கு நிலம் வாங்கக் கடன் தருகிறார். மேலாளர்கள் முகம் சுளிக்கின்றனர். திரும்பிய வீரர்க்குக் கல்விக்கும் கடனுக்கும் வழிவகுக்கும் சட்டம் 1944-இலேயே அமெரிக்காவில் இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் மேசைக்கு அப்புறம் இருப்பவன் எதிரே நிற்பவனை நம்பினாலன்றிச் சட்டத்தால் பயனென்ன?

ஹோமராக நடித்த ஹெரால்டு ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்லர். 1944 ஜூன் 6-ஆம் நாள், நேசப்படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய அதே நாளில், அமெரிக்கப் பயிற்சி முகாமொன்றில் வெடிமருந்து வெடித்து இரு கைகளையும் இழந்தவர். இரவில் கொக்கிகளைக் கழற்றி வைத்தபின் தன்னால் ஒரு பொத்தானைக்கூடப் பூட்ட இயலாது என்பதை, தன்னை விரும்பும் வில்மாவுக்கு அவன் காட்டும் இடமே படத்தின் உயிர்நிலை. அவள் அழவில்லை. பொத்தானைப் பூட்டிவிடுகிறாள். அப்பாத்திரத்துக்காக ரஸ்ஸலுக்கு 1947-இல் இரண்டு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு ஆஸ்கார் பெற்ற நடிகர் அவர் ஒருவரே. படம் மொத்தம் ஏழு போட்டிப் பரிசுகளை வென்றது.

படம் முடிந்த பின் நம் சிந்தை நம் சங்கத்தை நோக்கித் திரும்பியது. வெல்லிங்டனிலும் பெங்களூரிலும் பயிற்சி பெற்று, பனிமலையிலும் பாலையிலும் நின்று திரும்பிய தமிழர் பலர், நாம் குடியேறி வாழும் நகரங்களிலேயே தங்கிவிட்டனர். குடியரசு நாளன்று அவர்களை மேடைக்கு அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். மறுவாரம் அவர்களுள் ஒருவர் வேலை வேண்டி நம் அலுவலகப் படியேறினால், 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்புகிறோம். இக்குறையிலிருந்து நாமும் விலகியவர் அல்லேம்.

உறுப்பிழந்த வீரர்க்குச் செயற்கைக் கைகால் பொருத்தும் நிலையம் 1944 முதல் புனேயில் உண்டு. அங்கே கை கிடைக்கும். அக்கைக்கு வேலை தருவது ஊரார் கடமை. இளமையிலேயே படையிலிருந்து திரும்புவோர் தொகையும் இனிப் பெருகும். 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்காண்டு முடித்தவருள் நிலையாகத் தொடர வாய்ப்புப் பெறுவோர் நூற்றுக்கு 25 பேர் வரையே. ஏனையோர் முப்பது வயது நிரம்பும் முன்னரே நம் கதவைத் தட்டுவர்.

அன்பர்கள் இப்படத்தைக் குடும்பத்தோடு காண வேண்டுகிறோம். கடையும் தொழிலும் நடத்துவோர், மீண்டு வந்தவர் எவரேனும் வேலை கேட்டு வந்தால், அவரை அமரச் செய்து, அவருக்குத் தெரிந்த தொழில் யாதென்று முதலில் கேளுங்கள். பொன்னாடை பிறகு ஆகட்டும்.