ஒரு சிப்பம் நெல், ஒரு ஓட்டு
காவிரிப் படுகை மக்களின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் யார்

சொந்த நிலத்தில் சாகுபடி செய்கிறவர்கள், கோயில் நிலத்துக்கும் மடத்து நிலத்துக்கும் குத்தகை அளக்கிறவர்கள், நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள், கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர்கள் இங்கே கூடியிருக்கிறோம். கல்லணையை ஒட்டிய தலைமடைக்காரர்களும் இருக்கிறோம், பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்காரர்களும் இருக்கிறோம். இதுவரை வேறு வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள். இனியும் அப்படித்தான் போடுவோம்.

இந்த இயக்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கொடி வரும், கொடி வந்தால் தலைவர் வருவார், தலைவர் வந்தால் கூட்டணிப் பேச்சு வரும். முதலில் கொள்கையில் ஒன்றுபடுவோம்.

எங்கள் கணக்கு

2025 செப்டம்பரில் பொது ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய் ஆனது. 40 கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சரியாக 1,000 ரூபாய். இது தி.மு.க.வின் 2021 தேர்தல் வாக்குறுதி. ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில்தான் கைக்கு வந்தது. வந்த விலையும் முழுதாக வீடு சேர்வதில்லை. கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு 40, 50 ரூபாய் என்று பிடிப்பது டெல்டாவில் ஊரறிந்த ரகசியம். 2020 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகும் தராசு அதே தராசுதான்.

ஏக்கருக்கு 60 சிப்பம் கண்டால், ஐந்து ஏக்கருக்கு 300 சிப்பம். சிப்பத்துக்கு 40 ரூபாய் என்றால் ஒரு போகத்துக்கு 12,000, இரண்டு போகத்துக்கு 24,000, ஐந்தாண்டில் 1,20,000 ரூபாய். அதே வீட்டில் நாலு ஓட்டு இருந்து, ஓட்டுக்கு 2,000 வீதம் நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று மூன்று தேர்தலுக்கும் கவர் வந்தாலும் மொத்தம் 24,000தான். ஐந்தாண்டில் கிடைப்பது ஓராண்டில் போய்விடுகிறது. நிலமில்லாத வீட்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். கட்டுப்படியாகவில்லை என்று நிலக்காரர் சொல்லும்போது முதல் வெட்டு கூலியில்தான் விழுகிறது.

சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்ய அனுமதி 40 லட்சம் ரூபாய். ஒரு தொகுதியில் ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் கொடுத்தாலே பத்து கோடி. போட்டவர் அதை எடுக்காமல் விடுவாரா? ஆற்று மணலில் எடுக்க வேண்டும், தூர்வாரும் ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும், இடமாறுதலில் எடுக்க வேண்டும், நெல் மூட்டையில் எடுக்க வேண்டும். கொள்முதல் கழிவும் ஓட்டுக் கவரும் ஒரே பணத்தின் போக்கும் வரத்தும் என்பதே இந்த இயக்கத்தின் அடிப்படைக் கருத்து.

தஞ்சாவூர் கண்ட பாடம்

இதற்கு வேறெங்கும் சான்று தேட வேண்டியதில்லை. 2016 மே மாதம் தமிழ்நாடு முழுவதும் ஓட்டுப் போட்டபோது தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் மட்டும் தேர்தல் நடக்கவில்லை. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் முதலில் தள்ளிவைத்தது, பிறகு ரத்தே செய்தது. நவம்பர் 19 அன்று மறுபடி தேர்தல் வந்தபோது இரு பெரிய கட்சிகளும் பழைய வேட்பாளர்களையே நிறுத்தின. யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தத் தேர்தலில் வென்றவர் 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் ஒருவர். அடுத்த இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில்தான் நடந்தது. ஆக, ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் தஞ்சாவூருக்குச் சட்டமன்ற உறுப்பினரே இல்லை.

ஓட்டுக்குப் பணம் வாங்கியவரைத் திட்டுவது எளிது. அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு 2,000 ரூபாய் என்பது சில நாள் அடுப்பு. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த இயக்கம் பிறக்கவில்லை. ஆனால் கவர் வாங்கிய தெருவில் வாய்க்கால் தூர்வாரப்படவில்லை என்று கேட்கப் போனால், ‘கொடுத்தாச்சே’ என்ற பதில் காத்திருக்கிறது. அந்தப் பதிலுக்கு இனி இடம் கொடுக்க மாட்டோம்.

கட்சிகள் மீது எங்கள் குற்றச்சாட்டு

எந்தக் கட்சியையும் விட்டுவைக்கவில்லை. எதன் மீதும் தனிப் பகையும் இல்லை.

2011 ஜனவரியில் மன்னார்குடி வட்டார மீத்தேன் திட்டத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது தி.மு.க. அரசு. அந்தத் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் மறைந்தார்.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது அ.தி.மு.க. அரசு. அதற்கு எங்கள் நன்றி உண்டு. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. காவிரி பாயும் திருச்சியும் கரூரும் அதில் இல்லை. அதே ஆண்டில் மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களுக்கும் அந்தக் கட்சி கை தூக்கியது.

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தண்ணீர்ப் பங்கீட்டை நிறைவேற்றும் ஏற்பாட்டுக்கு ஆறு வாரக் கெடு விதித்தது. மேலாண்மை ஆணையத்தை பா.ஜ.க. மத்திய அரசு அமைத்தது ஜூன் 1 அன்று. இடையில் கர்நாடகத் தேர்தல் முடிந்திருந்தது. 2023இல் வடசேரி நிலக்கரி வட்டாரத்தை ஏலப் பட்டியலில் சேர்த்ததும், டெல்டா கொதித்த பிறகு எடுத்ததும் அதே அரசுதான்.

மேகதாதுவில் அணை கட்டச் சொல்லி 2022 ஜனவரியில் கர்நாடகக் காங்கிரஸ் நடைபயணம் போனது. கட்டக் கூடாதென்று 2021 ஆகஸ்டில் தமிழக பா.ஜ.க. தலைவர் தஞ்சாவூரில் உண்ணாவிரதம் இருந்தார்; அணை கட்டத் துடித்த பெங்களூரு ஆட்சி அவர் கட்சியுடையது. தேசியக் கட்சிகளுக்கு ஆற்றின் மேல்மடையில் ஒரு நாக்கு, கீழ்மடையில் ஒரு நாக்கு.

இந்த மண்ணில் பண்ணையாட்களுக்காக ரத்தம் சிந்திய வரலாறு உள்ள இடதுசாரிகளும், கூட்டணிக் கணக்கு வந்துவிட்டால் குரலைத் தணித்துக்கொள்கிறார்கள்.

மணல் கதையிலும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேற்றுமை இல்லை. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணலை வாரியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னபோது அன்றைய அரசு மறுத்தது. 2023இல் மணல் குவாரி விசாரணைக்காக அமலாக்கத் துறை தஞ்சாவூர் உள்ளிட்ட ஐந்து மாவட்ட ஆட்சியர்களை அழைத்தபோது கேட்ட விவரத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக அடுத்த அரசு நீதிமன்றம் போனது. ஆட்சியர்கள் நேரில் ஆஜராக வேண்டுமென்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

2025 அக்டோபரில் குறுவை நெல் நிலைய வாசலிலேயே நனைந்து முளைத்தது. 17 சதவீத ஈரப்பத வரம்பை 22 ஆக்கச் சொல்லி மாநிலம் டெல்லிக்கு எழுதியது. மத்தியக் குழு வந்து பார்த்தது. எதிர்க்கட்சிகள் முளைத்த நெல்லோடு படம் எடுத்துக்கொண்டன. ஐப்பசியில் மழை வருவது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. உலர்த்தும் இயந்திரமும் கூரையும் மட்டும் ஏன் ஒவ்வோர் ஆண்டும் புதுச் செய்தியாகின்றன?

எங்கள் கொள்கைகள்

1. கொள்முதல் நிலையத்தில் கழிவு கொடுக்க மாட்டோம். தனியாகப் போய்ப் பேரம் பேசாமல் ஊராகச் சேர்ந்து நெல்லைக் கொண்டுபோவோம். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி, கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவர் மீது குற்றமில்லை. அந்த ஏழு நாள்தான் எங்கள் ஆயுதம். ஒவ்வொரு புகாரையும் இயக்கமே எழுதிக் கொடுக்கும்.

2. ஓட்டுக்குப் பணம் வாங்க மாட்டோம். கொடுப்பதும் வாங்குவதும் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதைத் தெருவுக்குத் தெரு எழுதி வைப்போம்.

3. நிலையத்து ஊழியர் எங்கள் எதிரி இல்லை. பருவகாலப் பணியாளராக வைத்து, லாரி வராத நாளெல்லாம் நெல் காய்ந்து குறையும் எடையை அவர் தலையில் கட்டினால் அவர் எங்கள் மடியில்தான் கை வைப்பார். அவருக்கு நிரந்தர வேலையும் நியாயமான எடைக்குறைவு விதியும் வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்கு வாழத்தக்க கூலி வேண்டும்.

4. உழுகிறவர் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது. இன்றும் வாய்மொழிக் குத்தகைக்காரர் அடங்கலுக்கு அலைகிறார். வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் பட்டாக்காரர் கணக்குக்குப் போகின்றன.

5. 1968 டிசம்பர் 25 அன்று கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதை மறந்த விவசாய ஒற்றுமை நிலக்காரர்களின் ஒற்றுமை மட்டுமே. எங்கள் குழுக்களில் பாதிப்பேர் பெண்கள். சேரியும் ஊரும் ஒரே பாயில் உட்காரும். இதை ஏற்காதவருக்கு இங்கே இடமில்லை.

6. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்த பிறகு வாய்க்காலில் பொக்லைன் இறக்கும் வேலையை ஏற்க மாட்டோம். தண்ணீர் வந்துவிட்டால் எத்தனை அடி வாரினார்கள் என்று எவராலும் அளக்க முடியாது.

இயக்கத்தின் விதிகள்

இந்த இயக்கம் தேர்தலில் நிற்காது. யாருக்கும் ஆதரவு அறிக்கை விடாது. கட்சிப் பொறுப்பில் இருப்பவரும் அரசு ஒப்பந்தக்காரரும் உறுப்பினராகலாம், பொறுப்புக்கு வர முடியாது. கட்சியிடமோ நிறுவனத்திடமோ நன்கொடை வாங்க மாட்டோம். வரவு செலவு மாதந்தோறும் ஊர்ப் பொது இடத்தில் வாசிக்கப்படும். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுப்பில் இருக்க மாட்டார்.

இனி செய்ய வேண்டியது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அந்தத் தேதிகளே எங்கள் போராட்ட நாட்காட்டி. ஜனவரி 26இல் சம்பாக் கொள்முதலுக்கு நிலையம் எங்கே, சாக்கு எத்தனை என்று கேட்போம். மார்ச் 22இல் தூர்வாரும் மதிப்பீட்டைக் கேட்போம். மே 1இல் அந்த வேலையின் நிலவரத்தைக் கேட்போம். ஆகஸ்ட் 15இல் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று பதிவு செய்வோம். அக்டோபர் 2இல் குறுவை நெல்லுக்குக் கூரை கேட்போம். நவம்பர் 1இல் பயிர்க் காப்பீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்போம். பதில் தராத அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போகும். ஒருவர் மட்டும் கையெழுத்திடாமல் ஊரே தனித்தனியாக மனுப் போடும்.

இதை வாசித்தவர் எங்களுக்குக் கைதட்ட வேண்டாம். உங்கள் ஊரில் பத்துப் பேரைச் சேருங்கள்: சாகுபடிக்காரர், குத்தகைக்காரர், கூலிக்காரர் மூவரும் அதில் இருக்க வேண்டும். அடுத்த கிராம சபைத் தேதிக்கு உரிய கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் கொடுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்ய வைத்து, நகல் கேட்டு வாங்குங்கள். நகல் கைக்கு வந்த அன்று உங்கள் ஊரில் இந்த இயக்கம் தொடங்கிவிட்டது.