கைவழிக் கல்வியும் கைவிட்ட அரசும்

பாடநூலில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற வாக்குவாதங்களுக்கு நமது நாடாளுமன்றத்தில் குறைவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமக் கொள்கை பற்றிய பகுதியை என்.சி.இ.ஆர்.டி. நீக்கியது 2023-இல் பெரும் சர்ச்சையானது. அந்தச் சர்ச்சை நியாயமானதே. ஆனால், அறிவியலைச் சிறு குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்ற கேள்வி அவையில் அபூர்வமாகவே ஒலிக்கிறது. "காற்று இடத்தை அடைத்துக் கொள்ளும்" என்று எட்டு வயதுக் குழந்தை பத்து முறை எழுதி மனப்பாடம் செய்தால் அது அறிவியலாகிவிடுமா?

1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. ஆறு முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் கடமை என்று 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் அதே பிரிவில் சேர்த்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆராயும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தும் பொறுப்பு வீட்டுக்கும் உண்டு என்பது விளங்கும்.

அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு தாளில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவி, காய்ந்ததும் சோப்பு நீரைத் தொட்டு வைத்தால் அந்த இடம் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு நீர், புளிக்கரைசல், உப்புநீர், மோர் என்று வீட்டில் இருப்பவற்றையெல்லாம் குழந்தையே சோதித்து, எது சிவக்க வைக்கிறது, எது வைக்கவில்லை என்று பட்டியலிடட்டும். அமிலம், காரம் என்ற சொற்களைப் பிறகு சொல்லிக் கொள்ளலாம்.

இன்னொரு சோதனைக்கு வேண்டியது ஒரு குச்சியும் வெயிலும்தான். மொட்டைமாடியில் குச்சியை நட்டு, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்து வரச் சொல்லுங்கள். நண்பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சந்தலைக்கு மேல் இருக்கும் என்று நம்பும் தில்லிக் குழந்தை இரண்டு வியப்புகளைச் சந்திக்கும். நிழல் மிகக் குறுகுவது கடிகாரம் 12-ஐக் கடந்த பின்னரே. இந்திய நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகைக்கு மேற்கே தில்லி இருப்பதே இதற்குக் காரணம். அப்போதும் நிழல் முற்றிலும் மறைவதில்லை. கடகரேகைக்கு வடக்கே உள்ள தில்லியில் ஆண்டின் எந்த நாளிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதில்லை. ஊரார் சொல்வதைக் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம் என்று அந்தக் குழந்தை அறிந்துகொள்வதுதான் இதில் பெரிய பாடம். பெற்றோர் செய்ய வேண்டியது, விடையை முந்திச் சொல்லாமல் இருப்பதும், "எனக்கும் தெரியாது, செய்து பார்ப்போம்" என்று கூறத் தயங்காமல் இருப்பதும்தான்.

ஆனால், எல்லா வீட்டிலும் இது நடக்குமா? விடியுமுன் கட்டட வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்க்கு, நிழலைக் குறித்துக் காட்ட நேரமேது? வீட்டை மட்டும் நம்பினால் அறிவியல் மனப்பான்மையும் வசதி படைத்தோரின் சொத்தாகிவிடும். எனவேதான் அரசுப் பள்ளியின் பொறுப்பு முதன்மையானது.

அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியும் என்று இந்த நாட்டிலேயே ஒரு மாவட்டம் நிரூபித்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி உள்ளிட்ட தன்னார்வ அமைப்புகளும் விஞ்ஞானிகளும் மாநில அரசுடன் கைகோத்தனர். கிராமத்துப் பிள்ளைகள் குழுக்களாக அமர்ந்து சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வந்தனர். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் அது விரிந்தது. 1982-இல் உருவான ஏகலைவ்யா அமைப்பு பொறுப்பேற்ற பின், பிற மாவட்டங்களையும் சேர்த்து ஏறத்தாழ 1,000 பள்ளிகளை எட்டியது. பழைய தீக்குச்சியிலும் சைக்கிள் வால்வு ரப்பரிலும் அறிவியல் பொம்மை செய்து நாடறிந்தவரும் 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவருமான அரவிந்த் குப்தா, தமது பாதையைக் கண்டது அங்கேதான்.

அத்திட்டம் செய்த துணிச்சலான காரியம், தேர்வையும் மாற்றியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பிள்ளைகள் தேர்வு எழுதினர். செய்முறைத் தேர்வும் இருந்தது. மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை என்றானதும் வகுப்பறையும் மாறியது. ஆயினும், 30 ஆண்டுக்கால உழைப்பை 2002-இல் மாநில அரசு ஓர் உத்தரவில் முடித்து வைத்தது. கல்வியாளர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை. பிள்ளைகளின் கல்வி வாய்ப்பைப் பெற்றோரின் கடமையாக்கிய அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் இந்த உத்தரவுக்கும் ஆண்டு ஒன்றே என்பது கசப்பான முரண்.

செயல்வழிக் கற்றலை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் போற்றுகிறது. தமிழகத்தில் 2022-இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், இரு சக்கர வாகனத்தில் அறிவியல் கருவிகளைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால், ஆண்டிறுதித் தேர்வு இலக்கணத்தை மட்டுமே கேட்கும் வரை, ஆசிரியர் இலக்கணத்தையே எழுதிப்போடுவார். கருவிகள் அலமாரியில் தூசு படிந்து கிடக்கும். மாநிலம் எதுவாயினும் இது பொருந்தும்.

கேள்வி நேரத்தில் நமது உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்விகள் எளியவை. உருப்பெருக்கியும் காந்தமும் எத்தனை தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளின் கைக்கு எட்டுகின்றன? செய்து பார்த்ததற்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் உண்டு? ஹோஷங்காபாத்தைப் போன்ற முயற்சியை ஒரே உத்தரவில் மூடாமல் காக்க என்ன ஏற்பாடு? பதில் வரும்வரை வீடுகள் காத்திருக்க வேண்டியதில்லை. அதேவேளையில், வீடுகள் செய்கின்றன என்பதைக் காட்டி அரசு ஒதுங்கிக்கொள்ளவும் விடக்கூடாது.