தண்ணீருக்கு சர்வே எண் கிடையாது

சில ஆண்டுகளுக்கு முன், கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் ஒரு மென்பொருளில் வேலை பார்த்தேன். வரைபடக் கோப்பை உள்ளே போட்டால் கணினி அளந்து சொல்லும். நாலு பக்கமும் செட்பேக் விட்டிருக்கிறதா, எஃப்எஸ்ஐ மீறியிருக்கிறதா, முன்னால் இருக்கும் சாலையின் அகலம் போதுமா, கார் நிறுத்த இடம் உண்டா? எல்லாம் சரி என்றால் பச்சை டிக். டெமோ காட்டிய அன்று கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தென்சென்னையில் என் சித்தப்பா வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவுத் தண்ணீர். மூன்றாம் நாள் ஃபோன் கிடைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "நீதானேடா கம்ப்யூட்டர்லயே பிளான் செக் பண்றோம்னு சொன்ன? இந்தத் தெருவுல எல்லாருமே அப்ரூவல் வாங்கித்தான் கட்டியிருக்கோம். அப்புறம் எப்படிடா தண்ணி வருது?"

பதில் சொல்லத் தெரியாமல் "சரியாயிடும் சித்தப்பா" என்றேன். இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய அனுபவம் உண்டு. தனித்தனியாகச் சோதித்தால் ஒவ்வொரு பகுதியும் பாஸ் ஆகும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் மொத்தமும் படுத்துவிடும். அதனால்தான் யூனிட் டெஸ்டோடு நிறுத்தாமல் இன்டக்ரேஷன் டெஸ்ட் என்று ஒன்றையும் வைத்திருக்கிறோம். சேர்த்துச் சோதிக்காத மென்பொருளை எந்த மேனேஜரும் வெளியே விடமாட்டார். ஆனால் ஒரு நகரத்தை அப்படித்தான் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறோம். மனைக்கு மனை சோதனை உண்டு. மனைகள் எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனை கிடையாது. இதற்குத்தான் 'டிஜிட்டல் திட்டமிடல்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நாம் டிஜிட்டல் ஆக்கியது அனுமதியை மட்டும்தான். திட்டமிடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்தால் உடனடியாக அனுமதி. இதை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டு அனுமதிக்காக என் அப்பா ஓர் அலுவலகத்தின் படிகளை எட்டு மாதம் ஏறி இறங்கினார். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர என்ன செலவாகும் என்று தெரிந்த எவரும் பழைய முறைக்காகக் கண்ணீர் விடமாட்டார். நடுத்தரக் குடும்பம் ஒன்று கையூட்டு இல்லாமல் வீடு கட்ட முடிவது நல்ல காரியம்.

ஆனால் வேகம் கூடியது எதற்கு என்று பாருங்கள். கேள்விகள் பழைய கேள்விகளேதான். விடை மட்டும் சீக்கிரம் வருகிறது. அந்தக் கேள்விகள் அத்தனையும் ஒரே ஒரு மனையின் நாலு எல்லைக்கல்லுக்கு உள்ளேயே முடிந்துவிடுகின்றன.

இதற்குக் காரணம் தரவின் அடிப்படை அலகு. நம் நிலத் தரவின் அலகு சர்வே எண். அது வெள்ளைக்காரன் காலத்தில் நிலவரி வசூலிக்க அளந்த துண்டு. யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று கேட்டால் அது பதில் சொல்லும். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை, பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் அருகே கடல். இந்தப் பாதையில் எத்தனை நூறு சர்வே எண்கள்! அவை ஒவ்வொன்றும் கணினியில் தனித்தனி வரிசை. வரிசைகளைக் கோத்துக்கொண்டு போகிற தண்ணீருக்கு அங்கே ஒரு வரிசையும் இல்லை.

பெரிய கட்டடங்களுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டுமே என்று கேட்கலாம். வாங்கத்தான் வேண்டும். அதில் வழக்கமாக வரும் நிபந்தனை, மனையின் தரைமட்டத்தை இத்தனை மீட்டர் உயர்த்து என்பது. மண் கொட்டி உயர்த்துகிறார்கள். அந்த மனை தப்பிக்கிறது. அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. அடுத்த விண்ணப்பதாரருக்கும் அதே நிபந்தனை, அதே மண். எல்லா விண்ணப்பங்களும் பச்சை. என் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இந்த மண்ணில்தான் இருக்கிறது.

பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்வோம். 2022இல் அந்தச் சதுப்பு நிலத்தில் 1247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லை எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்பது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் வழக்காகவே இருந்தது. 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, எல்லை ஆய்வு முடியும் வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இதைக் கணினி ஏன் முதலிலேயே சொல்லவில்லை? வரைபடத்தில் ஏற்றாத கோட்டைக் கணினி எப்படிப் பார்க்கும்! அந்தக் கோட்டை ஏற்றுவது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை. ஒரு நல்ல ஜிஐஎஸ் குழுவுக்குச் சில மாத வேலை. அதை ஏற்றினால் யாருடைய நிலத்தின் விலை சரியும் என்பதுதான் பிரச்சினை. "சிஸ்டம்ல வரல சார்" என்று சொல்லித் தப்பிக்க இப்போது கணினியும் ஒரு சாக்கு.

இதையெல்லாம் இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னைப் பெருநகரின் எல்லை 1189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5904 ஆக 2022இல் விரிந்தது. மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. நேற்று வரை கிராமமாக இருந்த ஏரிகளும் வாய்க்கால்களும் இனி இந்த மென்பொருளுக்குள் வரப்போகின்றன. இப்போது கேட்காவிட்டால் இன்னும் இருபது வருடம் கேட்க முடியாது.

கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஏரி, வாய்க்கால், வெள்ளம் நின்ற மட்டம் எல்லாம் சர்வே எண்ணோடு பொருந்திய வரைபடம், எவரும் தரவிறக்கிக்கொள்ளும்படி வேண்டும். படமாகப் பிடிஎஃப்பில் தந்து ஏமாற்றக்கூடாது. இரண்டாவது, நிலப்பயன்பாட்டு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பொதுவில் வரலாறு வேண்டும். நாங்கள் ஒரு வரி நிரலை மாற்றினாலே யார், எப்போது, ஏன் என்று பதிவாகிறது. விவசாய நிலம் குடியிருப்பாக மாறும்போது அதுகூட வேண்டாமா? மூன்றாவது, அந்த இன்டக்ரேஷன் டெஸ்ட். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் இதுவரை கொட்டிய மண்ணையும் மூடிய தரையையும் கூட்டிக் கணக்கிட்டு, இதற்கு மேல் தாங்காது என்றால் அடுத்த விண்ணப்பத்துக்குச் சிவப்பு காட்டும் மென்பொருள். இதை எழுதுவது கஷ்டமில்லை. எழுதச் சொல்வதற்குத்தான் யாருமில்லை.

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து அப்படியே நாலடி தூக்கிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் தூக்கறாங்கடா, நான் மட்டும் எப்படி சும்மா இருக்கறது?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் இன்னும் தூக்கவில்லை.