களிம்பும் கூச்சமும்: புகாருக்காகக் காத்திருக்கும் சட்டம்

புது தில்லி: நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்குவதாகக் கூறும் மருந்துகளுக்கு நாட்டில் விளம்பரப் பஞ்சமில்லை. ஆனால், அச்சக்தியைக் களிம்பின் மூலம் தூண்டி, அடிக்கடி திரும்ப வரும் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் நோயைக் கட்டுப்படுத்த இயலுமா என்பது வெளிநாடுகளில் முறைப்படி சோதிக்கப்பட்ட கேள்வியாகும். அதன் விடையில் இந்திய ஆட்சியாளர்களுக்கும் பாடம் உண்டு.

இந்நோய்க்குக் காரணமான வைரஸ் நரம்பணுக்களில் பதுங்கி வாழ்கிறது. அதை அடியோடு அழிக்கும் மருந்து இல்லை. ஏசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் நோயின் தாக்குதலைக் குறைக்க மட்டுமே உதவுகின்றன.

இந்நிலையில், ரெசிக்விமாட் என்ற ஜெல் பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தியது. 52 பேரிடம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வில், மருந்தற்ற ஜெல் பூசியவர்களுக்கு நோய் திரும்புவதற்கான இடைநிலைக் காலம் 57 நாள்கள். மருந்து பூசியவர்களுக்கோ 169 நாள்கள். ஆனால், பின்னர் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில் இந்தப் பலன் உறுதிப்படவில்லை. அந்த முடிவுகள் 2008-இல் வெளியாயின.

ஹெர்பிஸ் புண்கள் தாமாகவே ஆறக்கூடியவை. எனவே, எதைப் பூசினாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். மருந்தற்ற களிம்புடன் ஒப்பிடாமல் உண்மை புலப்படாது.

நவீன மருத்துவத்தின் புதிய மருந்துகளுக்கு 2019-ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய சோதனையைக் கோருகின்றன. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு மாநில அரசுகள் தனியே உரிமம் வழங்குகின்றன. அவற்றின் விளம்பரங்களுக்கு முன்அனுமதி கோரிய 2018-ஆம் ஆண்டு விதியை ஆயுஷ் அமைச்சகம் 2024-இல் நீக்கியது. அதற்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2025 ஆகஸ்டில் வழக்கு முடிக்கப்பட்டபோது விலகியது.

பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறதே என்று வாதிடலாம். ஆனால், விளம்பரம் வெளியான பிறகே அச்சட்டம் பாயும்; அதற்குப் பெரும்பாலும் யாரேனும் புகார் தர வேண்டும். மருத்துவரிடம் சொல்லவே கூசும் நோயாளி, காவல் நிலையத்திலோ அரசு அலுவலகத்திலோ சென்று முறையிடுவாரா? முன்கூட்டிய கண்காணிப்பு இல்லாத இடத்தில், அவரது மௌனமே போலி மருந்து வியாபாரிகளுக்கு மூலதனமாகிவிடுகிறது.