இரண்டு மில்லிமீட்டரில் என்ன இருக்கு?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒருமுறை பாருங்க. ஏஐ வெச்சு புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறது நாலைந்தாவது இருக்கும். டேட்டாசெட்டை டவுன்லோட் பண்ணி, அக்யூரசி 98 சதவீதம்னு ஸ்லைடு போட்டு முடிச்சிடுவோம். (நானும் அந்தக் கூட்டம்தான்.) கண்டுபிடிச்ச பிறகு நோயாளிக்கு என்ன நடக்குதுன்னு நாம கேட்கிறதில்லை. நமக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

புராஸ்டேட் புற்றுநோயை எடுத்துக்கோங்க. அந்தச் சுரப்பி ஏறக்குறைய 4 செ.மீ. மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். சிறுநீர் நிரம்பினாலோ குடலில் வாயு சேர்ந்தாலோ சுரப்பி சில மில்லிமீட்டர் நகர்ந்துடும். கதிர்வீச்சோ ஒரே நாளில் முடியாது. 5 முறையோ 20 முறையோ, அதுக்கு மேலேயோ வந்து படுக்கணும். தோலில் வெச்ச புள்ளியை லேசருக்கு நேராக நிறுத்தினா போதுமா? புள்ளி அதே இடத்தில் இருக்கும், உள்ளே இருக்கிற சுரப்பி இருக்காது.

அதனால சுரப்பிக்குள்ளேயே பொதுவாக 3 சின்னத் தங்கத் துகள்களை ஊசி வழியா வெச்சிடுறாங்க. தினமும் படம் எடுத்து, தங்கம் திட்டப்படி நிக்குதான்னு பார்த்து, படுக்கையை நகர்த்தின பிறகுதான் கதிர். நாம படிச்ச ஃபீட்பேக் லூப்தான்.

அப்படியும் மிஞ்சும் பிழைக்காக, சுரப்பியைச் சுற்றி ஒரு ஓரம் சேர்த்தே கதிர் பாய்ச்சுவாங்க. 4 செ.மீ. கோளம்னு வெச்சுக் கணக்குப் போடுங்க: 4 மி.மீ. ஓரம் சேர்த்தா கன அளவு 73 சதவீதம் கூடும், 2 மி.மீ. சேர்த்தா 33 தான். அந்தக் கூடுதலில் இருக்கிறது பக்கத்து உறுப்புகளின் நல்ல திசு.

அமெரிக்காவில் யுசிஎல்ஏ-வின் மிராஜ் ஆய்வு இதை 156 பேரிடம் சோதிச்சு 2023-ல் முடிவை வெளியிட்டது. ஒரு குழுவுக்கு சிடி வழிகாட்டல், 4 மி.மீ. ஓரம். மற்ற குழுவுக்கு, கதிர் பாயும்போதே எம்ஆர்ஐ பார்த்துக்கிட்டிருக்கும் இயந்திரம், 2 மி.மீ. ஓரம். முதல் 3 மாதத்தில், மருந்து தேவைப்படும் அளவு சிறுநீர்த் தொல்லை முதல் குழுவில் 43 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 24.

எம்ஆர்ஐ இயந்திரத்தை எல்லா மருத்துவமனையாலும் வாங்க முடியாது, சரி. ஆனா எக்ஸ்ரேயில் தங்கப் புள்ளிகளை வேகமாகப் பொருத்தும் மென்பொருள், படுக்கும் முன்னாடியே சிறுநீர்ப்பையின் அளவைச் சொல்லும் மலிவான அல்ட்ராசவுண்ட்: இதெல்லாம் இசிஇ, மெக், பயோமெடிக்கல் சேர்ந்தா நாம தொடக்கூடிய தூரம்தான். ரிவ்யூவில் அக்யூரசி எவ்வளவுன்னு கேட்கும்போது மில்லிமீட்டரில் பதில் சொல்ற ஒரு டீமையாவது இந்த வருஷம் பார்க்கணும்னு ஆசை.